அரை அங்குலம்

போன வாரம் சித்தூரில் சட்டை தைக்கக் கொடுக்கப் போயிருந்தேன். தையற்காரர் கழுத்தில் கிடந்த நாடாவை எடுத்து என் மார்பைச் சுற்றினார். "ஏனுங்க, கையக் கொஞ்சந் தூக்குங்க. மூச்ச இழுக்காதீங்க, இருக்கற படிக்கே இருங்க" என்றார். நாடாவில் மெழுகும் வியர்வையும் கலந்த ஒரு வாடை.

பெஞ்சில் ஓர் இளைஞர் பத்திரிகையை விரித்துவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். "ஜெர்மனியில இப்ப ஆளறவன் தன்ற சனத்துக்கு எப்படி ரோசம் வர வெச்சிருக்கான் பாருங்க. அந்த ரோசம் நமக்கும் வரோணுங்க." தையற்காரர், "மறுக்காவும் சண்ட வருமாட்டந் தெரியுதுங்களே" என்றார். "வந்தா வரட்டுங்க" என்றார் இளைஞர், பக்கத்தைப் புரட்டிக்கொண்டே.

எனக்கு வந்த ஆத்திரத்தில், யார் வீட்டுக்கு வரட்டும் என்கிறீர்கள் என்று கத்திவிட்டேன். பழைய அளவே போதும் என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தேன். பழைய அளவுச் சட்டையில் இந்தத் தொப்பை அடங்கப்போவதில்லை. கோபக்காரக் கிழவனுக்கு அதுவும் வேண்டியதுதான். ஆனால் நண்பரே, நான் அந்தப் பையனிடம் கத்தவில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் அவனைப் போலவே பேசித் திரிந்த ஒருவனிடம்தான் கத்தினேன்.

சித்தூரை ஒட்டிய எங்கள் ஊர் பெருமாட்டியில் எங்களுக்குத் தென்னந்தோப்பும் வயலும் உண்டு. ஏர் பிடிக்க லாயக்கில்லாத பிள்ளை என்று வீட்டார் என்னைக் கம்பவுண்டர் வேலை படிக்க வைத்தார்கள். மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். ஆஸ்பத்திரி என்றால் இரண்டே அறை. குயினைன் கலக்குவது, அட்டை கடித்துப் புண்ணான கால்களைக் கழுவிக் கட்டுவது, இவைதான் வேலை. கார்பாலிக் நெடி என் சோற்றில்கூட இருந்தது.

துரை பங்களாவிலிருந்து மூன்று நாள் பழைய இங்கிலீஷ் பத்திரிகை எனக்கு வரும். ஜெர்மன் சண்டை தொடங்கியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐரோப்பா படம் ஒன்றைச் சம்பாதித்து மருந்து அலமாரிக்கு மேலே ஒட்டினேன். குண்டூசிகளில் காகிதக் கொடி கட்டி, சேனைகள் நகர நகர நானும் நகர்த்தினேன். "நம்ம படை" என்றுதான் வாய் நிறையச் சொல்வேன். பெருமாட்டிக்காரனுக்குப் பிரெஞ்சு தேசத்து எல்லையில் என்ன வேலை என்று அன்று எவனாவது கேட்டிருந்தால் அவனோடு மல்லுக்கு நின்றிருப்பேன்.

ஒரு நாள் காலைப் பெரட்டில், கூலிக்காரர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் அந்தக் களத்தில், துரை யுத்தத்தின் காரணத்தை விளக்கினார். தமிழில் சொல்ல என்னை நிறுத்தினார்கள். நான் குரலை உயர்த்திச் சொன்னேன்: தங்கள் இனத்தின் மண்ணை அந்நியர் ஆள்கிறார்கள் என்ற கோபத்தில் செர்பிய இனத்துப் பையன் ஒருவன் ஆஸ்திரியா ராஜகுமாரனைச் சுட்டான். ஆஸ்திரியா செர்பியாவின்மேல் பாய்ந்தது. செர்பியர் எங்கள் சொந்தம் என்று ருஷியா எழுந்தது. ஆஸ்திரியர் எங்கள் சொந்தம் என்று ஜெர்மனி எழுந்தது. நம் சக்கரவர்த்தி நியாயத்தின் பக்கம் நின்றார். துருக்கி ஜெர்மனியோடு சேர்ந்தது. ஆகையால் துருக்கிச் சீமைக்கு, பாரம் தூக்க, இந்தத் தோட்டத்திலிருந்து பத்து ஆள் வேண்டும்.

வரிசையில் சுடலைமுத்து கையைத் தூக்கினான். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், ஒல்லி உடம்பு, தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுவதில் சூரன். "ஐயா, இது எங்கூர்த் தேர்ச் சண்ட மாதிரில்லா இருக்கு. எந்தத் தெரு வழியாத் தேர் போவணும்னு ரெண்டு சாதிக்காரனுவளும் வெட்டிக்கிட்டானுவ. வடத்தையே தொடாத எங்க குடிசதான் எரிஞ்சுது. அதுக்குப் பயந்துதான் மலையேறினோம்."

பெரட்டே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. சாம்ராஜ்ய விஷயத்தைத் தேரோடு ஒப்பிடுகிறானே என்று அவனை வைதேன். துரை எழுதிப் படித்ததையும், நான் மூச்சு வாங்கிச் சொன்னதையும்விட, அந்தக் காரணத்தை அவன்தான் சரியாகப் புரிந்துகொண்டிருந்தான். எனக்கு அது அன்று உறைக்கவில்லை.

பத்துப் பேரைக் கங்காணி பொறுக்கினார். அதில் சுடலைமுத்துவும் ஒருவன். கங்காணி சொன்ன தைரியத்தில், அவர்கள் போய் இறங்கவேண்டிய பாஸ்ரா என்பது கப்பலேறிப் போகிற இன்னொரு தோட்டம் என்றே அவன் நம்பினான். கொழும்புக்கும் பினாங்குக்கும் அப்படித்தானே ஆள் போனார்கள்? என்னிடம் வந்து, "அங்க அட்ட உண்டாய்யா?" என்று கேட்டான். இல்லை என்றேன். முகம் மலர்ந்து போனான்.

ஆள்களைச் சோதிக்க மறுநாள் கீழேயிருந்து டாக்டர் வருவதாக இருந்தது. அன்று சாயங்காலம் கொழுந்து நிறுத்துக் கொடுத்த கையோடு அவன் மனைவி இசக்கி ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா, நெஞ்சளவு கொறஞ்சா எடுக்கமாட்டாகளாம். அவுகளுக்குக் கொஞ்சம் கொறச்சுச் சொல்லிருங்க."

"நான் பொய் சொல்லமாட்டேன் இசக்கி."

"துருக்கிக்காரன் எங்கள என்னய்யா செஞ்சான்?"

சாம்ராஜ்ய விஷயம் உனக்கெதற்கு என்று அதட்டினேன். அவள் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் நான் நாடா பிடித்தேன், டாக்டர் எழுதினார். சுடலைமுத்துவின் முறை வந்தது. சுற்றிப் பார்த்தால் அரை அங்குலம் குறைகிறது. பொய்யே வேண்டியிருக்கவில்லை. நாடா காட்டியதைச் சொன்னாலே போதும், அவன் கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்துக்குத் திரும்பியிருப்பான். டாக்டர் மேசையில் குனிந்திருந்தார். எங்கள் தோட்டத்தின் பத்தில் ஒன்று குறைந்து பக்கத்துத் தோட்டக்காரன் முன்னால் தலைகுனிவதா என்று எனக்கு ஒரு ரோஷம். ஆமாம், அதே ரோஷம்தான். அவன் காதருகில் போய், "மூச்ச நல்லா இழுத்துப் புடி" என்றேன். சொன்னதைச் செய்து பழகியவன், இழுத்துப் பிடித்தான். நான் அளவை உரக்கச் சொன்னேன்.

போடி மெட்டு வழியாக அவர்கள் இறங்கிப் போனபோது சுடலைமுத்து தன் கவாத்துக் கத்தியைச் சாக்கில் சுற்றி எடுத்துப் போனான். புதுத் தோட்டத்தில் எப்படிப்பட்ட கத்தி கொடுப்பார்களோ என்று அவனுக்குக் கவலை. யாரும் அவனுக்கு எடுத்துச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் ஒரு காகிதம் வந்தது, இங்கிலீஷில். லயத்து வாசலில் நின்று நான்தான் படித்துச் சொன்னேன். காய்ச்சலில் இறந்தான் என்று ஒரே வரி. குண்டுகூட இல்லை, காய்ச்சல். குயினைன் வைத்திருந்த நான் இங்கே, அவன் அங்கே. இசக்கி அழவில்லை. "மூச்ச இழுக்கச் சொல்லி கம்பவுண்டரய்யாதான் பாஸாக்கி விட்டாகன்னு பெருமையாச் சொல்லிட்டுப் போனாக" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் மருந்துக்கு வந்ததில்லை. காய்ச்சல் கண்டாலும் இரண்டு மைல் ஏறிப் பக்கத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போவாள்.

சண்டை முடிந்ததும் துரைமார் கிளப்பில் வாண வேடிக்கை நடந்தது. மாதா கோவில் சுவரில் ஒரு பித்தளைத் தகடு வைத்தார்கள். அதில் இரண்டு சின்னத் துரைமார் பெயர் மட்டும் இருந்தது. எங்கள் பத்துப் பேரில் திரும்பி வந்தவர்கள் நான்கு பேர். மற்ற ஆறு பேருக்குத் தகட்டில் இடமில்லையா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வேலை போய்விடும் என்று பயம்.

எந்தப் பெருமைக்காக இத்தனையும் நடந்ததோ, அந்த ஆஸ்திரிய ராஜ்யமே இன்று கிடையாது. துருக்கி சுல்தானும் இல்லை, ருஷியச் சக்கரவர்த்தியும் இல்லை. இவர்களெல்லாம் இல்லாமல் போனதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடமாகப் படிக்கிறார்கள்.

பின்னால் வந்த பெருவெள்ளத்தில் எங்கள் தோட்டத்தின் கீழ் லயம் மலைச்சரிவோடு பெயர்ந்து போயிற்று. இசக்கி அதில்தான் குடியிருந்தாள். லயம் இருந்த இடத்தில் இப்போது தேயிலை நட்டிருக்கிறார்களாம். சுடலைமுத்துவுக்கும் அவளுக்கும் பிள்ளையும் இல்லை, ஊரில் உறவும் இல்லை. திரும்பி வந்த நால்வரும் ஒருவர்பின் ஒருவராகப் போய்விட்டார்கள். சுடலைமுத்து என்று ஒருவன் இருந்தான் என்பது இன்று எனக்கு மட்டும்தான் தெரியும்.