கன்னத்தில் வைக்காத கை

செவிலிமேட்டு வீட்டில் அண்ணி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அப்படி உட்கார்ந்தால், கப்பலா கவிழ்ந்துவிட்டது என்று ஊரில் கேலி செய்வார்கள். என் அண்ணன் கடற்படையில் நீர்மூழ்கிக்காரன் என்பதால் எங்கள் வீட்டில் அது கேலியாக இல்லை. கை தன்னை அறியாமல் மேலே போனாலும் அண்ணி அதைப் பாதியில் திருப்பித் தலைமுடியைக் கோதிக்கொள்வார்.

அவன் புதிய அணுசக்திக் கப்பலுக்குப் போன சமயத்தில்தான் அண்ணி முழுகாமல் இருந்தார். “பொண்டாட்டி முழுகாம இருக்கா, புருஷன் முழுகிக்கினு இருக்கான்” என்று எதிர்வீட்டுத் தறிக்கார மாமா சிரித்தார். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் கடலில் குளிக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்துச் சாத்திரம். குளிக்கவே கூடாதென்றால், கடலுக்கடியில் குடித்தனம் நடத்துகிறவனை என்ன செய்வது? அவனை வரச் சொல் என்று அம்மா அண்ணியை நாள் தவறாமல் நச்சரித்தாள்.

ஒரு வார்த்தை சொன்னால் அண்ணன் வேலையை மாற்றிக்கொண்டு வந்திருப்பான். ஆனால் அந்தக் கப்பலில் இடம் கிடைத்தபோது அவன் சின்னப்பிள்ளை மாதிரி குதித்ததை அண்ணி பார்த்திருந்தார். ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே அம்மாவிடம் சொன்னார்: “கடல்ல குளிச்சாதானே தப்பு, அத்தே? அவரு மேல ஒரு சொட்டு கடல்தண்ணி படாது. படாம பாத்துக்கறதுதான் அவரு வேலையே.”

அம்மா கொஞ்சம் யோசித்தாள். பிறகு, பெருமாளே ஆமையாக வந்து கும்பிட்ட கச்சபேசுவரர் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டாள். தண்ணீருக்குள் இருக்கிறவன் பாடு ஆமைக்குத் தெரியாதா என்பது அவள் கணக்கு.

கப்பலைப் படையில் சேர்த்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். கறுத்த முதுகு மட்டும் தெரிந்தது. இதற்குள் என் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று அம்மா திரையைத் தடவிப் பார்த்தாள். அதன்பின் போன் வரவில்லை. மகள் பிறந்தாள், அந்தச் சேதி அவனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்றுகூடத் தெரியவில்லை. பயமாக இருந்தது. அப்போதும் அண்ணியின் கை கன்னத்தைத் தொடவில்லை.

ஒரு மத்தியானம் அண்ணன் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தான். வெயில் படாமல் வெளுத்திருந்தான். மகளை மார்பில் போட்டுக்கொண்டு அப்படியே தூங்கிப்போனான். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து இருவரையும் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கை மெல்லக் கன்னத்துக்குப் போனது. அம்மாவைக் கண்டதும் வெடுக்கென்று எடுத்தார்.

“வச்சுக்கோம்மா,” என்றாள் அம்மா. “கப்பல்தான் கரைக்கு வந்துடுச்சே.”

நேற்றைய செய்தியில் இன்னொரு கறுத்த முதுகைக் காட்டினார்கள். அண்ணன் இப்போது கரையில்தான் வேலை பார்க்கிறான். ஆனாலும், உள்ளே இருப்பது யார் வீட்டுப் பிள்ளையோ என்று நினைத்தபடி, கன்னத்துக்குப் போன கையை எடுத்துத் தலையைக் கோதிக்கொண்டேன்.