இல்லாத பிள்ளை

என் மனைவியைப் பொய்க்காரியாக்கிவிட்டு ஓடியவன் நான். ஓடினேன் என்பதுகூட அதிகம்... நடந்தேன். சூளகிரியைத் தாண்டி, கிருஷ்ணகிரி சாலையில், தோளில் ஒரு துண்டு மட்டும். பின்னால், சாலைக் கூலிகளின் குடிசைகளுக்கு நடுவே, மாதம்மாவுக்குப் பெண்கள் வளையல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

திரும்பிப் பார்த்தேனா என்று கேட்பீர்கள். இல்லை.

நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஓரிடத்தில் கால் தரிக்காது. போன இடமெல்லாம் மாதம்மாவும் வந்தாள். மண்வேலைக்கு ஆளை ஜோடியாகத்தான் எடுப்பார்கள். ஆண் வெட்ட வேண்டும், பெண் கூடை சுமக்க வேண்டும். ஒருவர் படுத்தால் இருவருக்கும் வேலை போயிற்று.

அவள் படுத்தாள். முதலில் சோர்வு. பிறகு முகம் உப்பியது, உடம்பு பருத்தது. கூழைப் பாதி குடித்துவிட்டு மீதியை என் பக்கம் தள்ளுவாள். ஆனாலும் பருத்தாள்! குரல் கம்மியது. தலைமயிர் கொத்தாக உதிர்ந்தது. சித்திரை வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டாள். ரவிக்கை போதாமல் என் பழைய வேட்டியைக் கிழித்து ஒட்டுப் போட்டாள். மற்றப் பெண்கள் குளித்துவிட்டுப் போன பிறகுதான் ஏரியில் இறங்குவாள்.

"கூடைய தூக்கச் சொன்னா, தன்னையே தூக்க முடியல இவளால" என்று கூடை சுமக்கிற கங்கம்மா சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாதம்மா அதைப் பார்த்தாள்.

"என் ஒடம்பே என் பேச்ச கேக்கல மாமா. நான் என்ன பண்ணட்டும்?" என்றாள் அன்றைக்கு.

பல வருஷம் கழித்துச் சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் தரை துடைத்துக்கொண்டிருந்தபோது, அதே முகத்தோடு ஒருத்தி வந்தாள். கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யாததால் வருவது, மாத்திரை சாப்பிட்டால் அடங்கும் என்று நர்ஸ் சொன்னார். மாத்திரை! கையில் துணியோடு அப்படியே நின்றேன்... ஆனால் அதை எனக்குச் சாட்சியாகக் கூப்பிட மாட்டேன். அது நோயென்று அன்று எனக்குத் தெரியாது. நான் சொன்னது பொய்யென்று தெரியும்.

எங்கள் ஜோடியை நிறுத்தத்தான் மேஸ்திரி வந்தார். மாதம்மாவின் வயிற்றைப் பார்த்துத் தயங்கினார்.

"என்னாய்யா, முழுகாம இருக்குதா?"

பிள்ளைத்தாய்ச்சிக்குக் கூடை கிடையாது. தண்ணீர் ஊற்றுகிற வேலை கொடுப்பார்கள். ஜோடியும் நிலைக்கும். அவள் முகத்தைப் பார்க்காமல், "ஆமாங்க" என்றேன்.

அன்று மாலையே கங்கம்மா மாங்காயோடு வந்தாள். "ஏம்மே, மொதல்லயே சொல்றதுக்கென்ன? வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே!" என்று மாதம்மாவின் காலைப் பிடித்துவிட்டாள். பிள்ளையே இல்லாத எங்களுக்கு அந்தக் கரிசனம்... அதைத் தாங்குவதைவிட அந்தச் சிரிப்பு மேலாக இருந்திருக்கும் அவளுக்கு.

"என் வயித்துல ஒண்ணுமில்ல மாமா. நீயே சொல்லிடு. நான் சொன்னா என்னத்தான் பொய்க்காரின்னுவாங்க."

"சொல்றேன்" என்றேன். மாதங்கள் போயின. சொல்லவில்லை.

கடைசியில் வளையல். வீங்கிய மணிக்கட்டில் ஒன்றுகூட ஏறவில்லை. கங்கம்மா எண்ணெய் தடவித் தள்ளினாள். கண்ணாடி உடைந்து ரத்தம் வந்தது. "பையன்தான்! இல்லேன்னா இம்மாம் வீக்கம் வருமா?" என்று ஒருத்தி குலவையிட்டாள். அத்தனை தலைகளுக்கு மேலாக மாதம்மா என்னைப் பார்த்தாள். அழவில்லை. சொல் என்று கேட்கிற பார்வை.

தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கிணற்றடியில் குடத்தை வைத்தேன். நடந்தேன்.

அந்தப் பிள்ளை எங்கே என்று அவளைத்தானே கேட்டிருப்பார்கள்? என்ன சொல்லியிருப்பாள்? சூளகிரிப் பக்கம் நான் மறுபடி போனதேயில்லை. தெரிந்துகொள்ளத் தைரியம் இல்லை.

மறுநாள் காலை கிருஷ்ணகிரிக்கு அப்பால், அணைக்கட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்தில் நின்றேன்.

"ஜோடி எங்கடா?" என்றார் அங்கிருந்த மேஸ்திரி.

"பிரசவத்துல போயிட்டா சாமி."

"புள்ள?"

"அதுவும்."

அவர் உச்சுக்கொட்டினார். கூடையோடு தனியே நின்ற ஒரு கைம்பெண்ணைக் கூப்பிட்டு, "பாவம், இவன்கூட சேர்ந்துக்கோம்மா" என்றார். அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். நான் மண்வெட்டியை வாங்கிக்கொண்டு குழிக்குள் இறங்கினேன்.