ஐனார் வண்டியின் நாலாவது சிலிண்டர்

நான் மெக்கானிக். கருவி காட்டாத எதையும் நம்பாதவள். அதனால்தான் இதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். போன ஜனவரி பதினாலாம் தேதி நடந்தது இது. நேரங்கள் வேலைச்சீட்டில் என் கையெழுத்தில் இன்னும் இருக்கின்றன.

பட்டறை கனடாவில், வினிபெக் ஏரிக்கரையில். பிராண்டன் ஊரிலிருந்து நான் அங்கே வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ஏரி உறைந்ததும் மீனவர்கள் பனிவண்டியில், கூரையில் ஒரு கதவு வைத்த, வேன் மாதிரி மூடிய வண்டியில், நடு ஏரிவரை போய், ஐஸைத் துளைத்து வலை போடுவார்கள். ஐனாரும் அப்படித்தான். அறுபது வயதுக்காரர். அவர் வண்டியின் சிலிண்டர் ஹெட், அதாவது என்ஜினின் மேல்மூடி, சூட்டில் விரிசல் விட்டிருந்தது. புதிது கிடைக்கவில்லை. பழைய வண்டிகளை உடைத்து விற்கும் மார்வினிடம் ஒரு ஹெட் வாங்கினேன். மட்டம் பார்த்து, வால்வு தேய்த்து, புது கேஸ்கெட் வைத்து மாட்டினேன். ஓடவிட்டேன். தையல் மெஷின் மாதிரி சீராக ஓடியது.

மாலை 3:10. ஐனார் வந்தார். சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

டக்... டக்... டக்.

என்ஜின் அணைந்துவிட்டது.

வலை ஐஸுக்கடியில் மூணு நாளாகக் கிடக்கிறது, மீன் அழுகிவிடும் என்று சத்தம் போட்டார். "நீ மாட்டினது ஹெட்டா, தகர டப்பாவா?" என்றார். எனக்கு மானமே போனது. ஒரு காப்பி குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினேன்.

தனியாக ஸ்டார்ட் செய்தேன். முதல் திருப்பிலேயே பிடித்தது. இருபது நிமிடம் ஓடியது. ஒரு முனகல்கூட இல்லை. கம்ப்ரஷன் பார்த்தேன், நாலு சிலிண்டரும் சமம். வால்வு இடைவெளி சரி. போல்ட் இறுக்கம் சரி. என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஒரு சொட்டுகூடக் குறையவில்லை.

4:05. ஐனார் மறுபடி உட்கார்ந்தார்.

டக்... டக்... டக். அணைந்தது.

அவரை இறக்கிவிட்டு நான் உட்கார்ந்தேன். ஓடியது. அவர் உட்கார்ந்தார். அணைந்தது. என்னால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. ஸ்பானரை எடுப்பேன், வைப்பேன், பானெட்டைச் சுற்றிச் சுற்றி வருவேன்.

4:20. வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. ஐனாரை மறுபடி உட்காரவைத்து, கையை எடுக்காமல் ஸ்டார்ட்டரைப் பிடிக்கச் சொன்னேன். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஹெட்டில் வைத்து, பிடியைக் காதில் வைத்தேன். எந்த சிலிண்டரில் சத்தம் என்று கண்டுபிடிக்கும் பழைய வழி.

ஒன்று, சுத்தம். இரண்டு, சுத்தம். மூன்றும் அப்படியே.

நாலு...

இரும்பில் இரும்பு இடிக்கும் சத்தம் இல்லை அது. மந்தமாக இருந்தது. யாரோ முஷ்டியால் தகரத்தைக் குத்துவது போல.

நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேன். என்ஜின் நின்றது.

சத்தம் நிற்கவில்லை.

டக்... டக்... டக்...

அந்த சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். ஓட்டையிலிருந்து தண்ணீர் கசிந்தது. கூலன்ட் பச்சையாக இருக்கும். இது பழுப்பு. ஏரிப் பாசி வாசம்.

தொட்டேன். என்ஜின் சுட்டது. தண்ணீர்... ஐஸ் மாதிரி சில்லிட்டது.

டக் டக் டக் டக்.

திரும்பினேன். ஐனார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தார்.

"இந்த ஹெட் எங்க வாங்கின?"

"மார்வின்கிட்ட."

"எந்த வண்டியோடது?"

"கேக்கலயே."

அவர் இறங்கினார். மைனஸ் முப்பது குளிரில், கோட்டைக்கூட எடுக்காமல் வெளியே நடந்தார். 4:31.

அவருக்குப் பின்னால் பட்டறைக் கதவு சாத்திக்கொண்டதும் சத்தம் நின்றது.

ஐனார் வண்டியைக் கேட்டு வரவேயில்லை. ஊரைவிட்டே போய்விட்டதாகச் சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்துத்தான் மார்வினுக்குப் போன் செய்யும் தைரியம் எனக்கு வந்தது.

நாலு வருஷத்துக்கு முன் மார்ச் மாதம் ஐஸ் உடைந்து ஏரிக்குள் போன வண்டியின் ஹெட்டாம் அது. உள்ளே இரண்டு பேர். ஐனார், அவருடைய கூட்டாளி ஸ்வேன். கூரைக் கதவு வழியாக ஐனார் தப்பித்தார். ஸ்வேனால் முடியவில்லை. விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். வண்டியை வெளியே இழுத்துப் போட்டது மார்வின்தான்.

 பிறகு மார்வின் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. வண்டிய வெளிய இழுத்தப்போ அந்தக் கூரைக் கதவுல கொக்கி மாட்டியிருந்துச்சு. வெளிப்பக்கமா."