தலை தைக்காத போர்வை

செய்தி வந்தபோது நான் ஒரு பெண்ணுக்கு லேஸ் அளந்துகொண்டிருந்தேன். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "சொல்லுங்க" என்றேன். டிப்போவிலிருந்து ஒரு கண்டக்டர் பேசினார். "பாய், நம்ம வைரக்கண்ணு அண்ணன் தவறிட்டாரு. காலையில காபி குடிச்சிட்டு நாற்காலியில சாஞ்சவருதான், எந்திரிக்கல." நான் லேஸை வெட்டினேன், மடித்தேன், பையில் போட்டுக் கொடுத்தேன். மீதிச் சில்லறையைக்கூடச் சரியாகக் கொடுத்தேன். அந்தப் பெண் படியிறங்கிப் போனாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மன்னார்குடியில் பட்டனும் லேஸும் உல்லன் நூலும் விற்கிற சின்னக் கடை என்னுடையது. வீடு கூத்தாநல்லூரில். வாலிப வயதிலிருந்தே பஸ்ஸில் வந்து பஸ்ஸில் திரும்புகிறவன். அந்தத் தடத்தில் பல காலம் பஸ் ஓட்டியவர் வைரக்கண்ணு அண்ணன். நான் ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்த்தால் நிறுத்துவார். ஏறியதும், "பாய் பர்மிஷன் குடுத்துட்டாரு, இனி வண்டியை எடுக்கலாம்" என்று எல்லோர் முன்னிலையிலும் மானத்தை வாங்குவார். வேதாரண்யம் பக்கம் கடல் தொழில் செய்த குடும்பம் அவருடையது. அப்பாவும் அண்ணன்மாரும் படகில் போனவர்கள். இவருக்கோ படகில் ஏறினாலே வாந்தி. "கடல் என்னை வேணாம்னுடுச்சு பாய், கவர்மென்ட் சேர்த்துக்கிடுச்சு" என்பார்.

துக்க வீட்டுக்கு டிப்போ ஆட்கள் நீங்கள் நிறையப் பேர் வந்திருந்தீர்கள். ஒரு கோழியைக்கூட இடிக்காமல் ஓய்வு பெற்ற மனிதர் என்று சொன்னீர்கள். அடைமழையில் ரோடு எது, வாய்க்கால் எது என்று தெரியாத இடங்களில் இறங்கி, தண்ணீரில் நடந்து பார்த்துவிட்டு வந்து பஸ்ஸை எடுப்பார் என்று சொன்னீர்கள். எல்லாம் உண்மை. ஆனால் பந்தல் ஓரத்தில் இரண்டு பேர் பேசியதும் என் காதில் விழுந்தது. "புள்ள பிறக்கும் முன்னாடியே போர்வை பின்னி வச்ச மனுசன். அந்தப் பாவந்தான், பேரப்புள்ள முகம் பார்க்காமலே போயிட்டாரு." சாவு வீட்டில் சண்டை வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அவர்களுக்கும் அப்படி நினைக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். அவருடைய ஒரே மகள் மீனாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஆமாம், அவர் பின்னினார். கொஞ்ச காலம் அவரை ஊட்டி பஸ்ஸில் போட்டிருந்தார்கள். விடியற்காலையில் அங்கே போய் இறங்கினால் சாயங்காலம் வரை வேலை இல்லை. குளிரில் தூக்கமும் வராது. பஸ் ஸ்டாண்டு எதிரில் ஸ்வெட்டர் விற்ற ஒரு அம்மாள் நாள் முழுக்கக் கை ஓயாமல் பின்னிக்கொண்டே இருப்பாராம். இவர் டீ கிளாசோடு நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார். "நின்னு பார்க்கிற நேரத்துக்கு உட்கார்ந்து ரெண்டு வரிசை போடலாம்ல" என்று அந்த அம்மாள் ஊசியைக் கையில் கொடுத்துவிட்டார். அப்படித்தான் தொடங்கியது. டிப்போவில் தெரிந்தால் கிண்டல் தாங்காது என்று அவர் உங்களிடம் சொல்லவில்லை. மன்னார்குடியில் உல்லன் வாங்குகிற ஒரே ஆம்பளை அவர் என்பதால் எனக்கு மட்டும் முதலிலேயே தெரிந்துவிட்டது.

முதன்முதலில் அவர் வந்து கேட்டது சித்திரை மாதம். மின்விசிறி ஓடியும் சட்டை முதுகில் ஒட்டுகிற வெயில். "குழந்தைக்குப் போர்வை பின்ன நல்ல மெதுவான உல்லன் வேணும் பாய்" என்றார். "இந்த ஊர் வெயிலுக்குக் கம்பளியா? புள்ளையை அவிச்சுப்புடாதீங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "மார்கழிப் பனி உங்க கடைக்குள்ள வராது. பச்சைப் புள்ளைக்கு உச்சந்தலைதான் வாசக்கதவு, அதைச் சாத்தி வச்சா போதும்" என்றார். பிறகு என் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். சதுரமான போர்வை. அதன் ஒரு மூலையில் மட்டும் முக்கோணமாக ஒரு குல்லாய். குழந்தையின் தலையை அதற்குள் விட்டு, மீதியை உடம்பில் சுற்றிவிடலாம். அந்தக் குல்லாய்க்கு அவர் வைத்த பெயர் 'தலை'.

மீனா அப்போது முதல் பிள்ளை உண்டாகியிருந்தாள். திருத்துறைப்பூண்டியில் வாழ்க்கைப்பட்ட பெண். பிறகு வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்தாள். பிள்ளை பிறக்கும் முன் அதற்கென்று ஒரு துணிகூட வாங்கி வைக்கக் கூடாது என்பது இந்தப் பக்கத்து வழக்கம். பிறந்த பிறகும் முதலில் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் சுற்றுவோம். எங்கள் வீடுகளிலும் அப்படித்தான். இவருக்கு அது தெரியாமல் இல்லை. ஆசை அவரைத் தள்ளிவிட்டது. வெள்ளை நூலில் பின்னி, தலையையும் தைத்து, மகள் மடியில் கொண்டுபோய் வைத்தார். அவளும் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். அந்தக் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது.

அந்தப் போர்வையில் சுற்றித்தான் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். வேறு துணி எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. போர்வை விஷயம் ஊருக்குத் தெரிந்ததும் அப்போதுதான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மீனா அவரைப் பார்த்து, "நீங்க ஏம்ப்பா முன்னாடியே பண்ணுனீங்க?" என்று கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான் கேட்டாள். இனி பிள்ளை அழுகிற சத்தம் கேட்காமல் ஒரு கண்ணி போட மாட்டேன் என்று அவர் அங்கேயே அவள் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டார். என்னிடம் இதைச் சொன்னபோது ரொம்ப நேரம் பட்டன் டப்பாவைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். நான் ஆறுதல் சொல்லத் தெரியாதவன். பக்கத்துக் கடையிலிருந்து டீ வரவழைத்தேன்.

இரண்டாவது முறை அவள் உண்டாகியிருப்பதாகச் செய்தி வந்ததும், ஓய்வு பெற்றிருந்த அவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கடைக்கு வந்து சும்மா உட்கார்ந்திருப்பார். கை மட்டும் சும்மா இருக்காது. விற்கிற நூல்கண்டை எடுத்துச் சுற்றுவார், பிரிப்பார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "பின்னுறதுன்னா பின்னுங்க, என் சரக்கைப் பாழாக்காதீங்க" என்றேன். மறுநாள் ஊசிகளோடு வந்தார். இளமஞ்சள் நூல் எடுத்துக்கொண்டார். மகளுக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்டதற்கு ஒரு நியாயம் வைத்திருந்தார். "தலை இல்லாட்டி இது வெறும் துணி பாய். யாரும் போர்த்திக்கலாம். தலையைத் தனியாப் பின்னி வச்சுடுவேன். தைச்சாத்தானே புள்ளைக்கு ஆகும்? பிறந்து அழட்டும், அப்புறம் தைச்சுக்குறேன்." வழக்கத்துக்கும் வாக்குக்கும் நடுவில் அவர் கண்டுபிடித்த சந்து அது. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் என் மேல்தட்டில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார்.

அதுவும் நிலைக்கவில்லை. மூன்றாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. அன்று மத்தியானம் அவர் கடைக்கு வந்து, மேல்தட்டிலிருந்து பின்னலை எடுத்துப் பிரிக்கத் தொடங்கினார். ஒரு முழம்கூட வளராத பின்னல். வரிசை வரிசையாக அது கழன்று அவர் மடியில் விழுந்துகொண்டிருந்தது. ஜாக்கெட் துணிக்கு மேட்ச் நூல் கேட்டு வந்த பெண்கள் அவரைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் சிரித்தார்கள். அவர்களை நான் கடையை விட்டு அனுப்பிவிட்டேன். "இந்தத் தடவையும் நான்தானோ பாய்?" என்று கேட்டார். "கிறுக்கு புடிச்சிருக்கா உங்களுக்கு? டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று கத்தினேன். "டாக்டர் என்னென்னமோ சொன்னாங்க. மீனாவுக்கு இது தெரிஞ்சா என்ன சொல்லுவா?" என்றார். கழன்று விழுந்த நூலை நான் சுருட்டத் தொடங்கினேன்.

பிரித்த நூலை அவர் தூக்கிப் போடவில்லை. சோப்புத் தண்ணீரில் அலசி, நுனியில் கனத்துக்கு ஒரு பூட்டைக் கட்டிக் கடைக்குப் பின்னால் தொங்கவிட்டார், சுருக்கம் போவதற்கு. ராசியில்லாத நூல், ஆற்றில் விட்டுவிடலாம் என்று நான்தான் சொன்னேன். "நூல் என்ன பண்ணுச்சு?" என்று திரும்பிக் கேட்டார். அதே நூலைத்தான் மூன்றாவது முறையும் எடுத்தார். நடுவில் ஒரு கண்ணி தவறினால், பத்து வரிசை தாண்டியிருந்தாலும் அதுவரை பிரித்துவிட்டு மறுபடி போடுவார். "விட்டுத் தொலைங்க, யாருக்குத் தெரியப்போகுது" என்பேன். "ரிவர்ஸ் எடுக்க வெட்கப்படுறவன் டிரைவர் இல்லை பாய்" என்பார். இந்த முறை போர்வை முழுசாக வளர்ந்தது. தலையும் தனியாக முடிந்தது. மீனாவுக்கு மாதம் ஏறிக்கொண்டிருந்தது. ஏழு தாண்டிய பிறகு அவர் சிரித்துப் பேசக்கூடத் தொடங்கினார். அப்போதுதான் அந்தக் காபியும் அந்த நாற்காலியும்.

நிறைமாதத்தை நெருங்குகிறவள் பிணத்தைப் பார்க்கக் கூடாது என்று மீனாவை வீட்டுக்குள் விடவில்லை. எதிர்வீட்டில் உட்கார வைத்திருந்தார்கள். அவரைத் தூக்கியபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, அப்பா" என்று அவள் கூப்பிட்டதை நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். அவளை யாரும் வெளியே விடவில்லை. நானும் கூட்டத்தோடு நடந்தேன். என் மதத்தில் சொல்வதை என் வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.

கருமாதி முடிந்த மறுவாரம் அவள் என் கடைக்கு வந்தாள். புருஷன் வெளியே நின்றுகொண்டார். "அப்பா வச்சுட்டுப் போனதை எடுங்க மாமா" என்றாள். "எதைம்மா?" என்றேன். "உங்களுக்குப் பொய் வராது, விடுங்க. எடுங்க" என்றாள். மேல்தட்டிலிருந்து எடுத்து அவள் முன்னால் வைத்தேன். மூன்றாவது முறை மட்டுமில்லை, இரண்டாவது முறையும் அவர் பின்னினார் என்பதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. தயங்கித் தயங்கிச் சொன்னேன். "தெரியும்" என்றாள். "ஊருக்கு வர்றப்ப அப்பா மடியில பார்ப்பேனே. வேட்டியெல்லாம் மஞ்சள் பிசிறு. ரெண்டாவது தடவையே தெரியும்."

"அப்புறம் ஏம்மா நீ ஒரு வார்த்தை கேட்கல?"

"கேட்டா நிறுத்திடுவாங்க மாமா. அப்பா எங்கேயோ உட்கார்ந்து பின்னிக்கிட்டு இருக்காங்கன்னு நினைச்சாத்தான் எனக்குத் தைரியமா இருந்துச்சு."

அவர் தன்னையே குற்றவாளியாக நினைத்துக்கொண்டிருந்ததை நான் அப்போது சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்னவோ. அவள் போர்வையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். "அன்னைக்கு வலியில கேட்டது. அதைப் போயி நெஞ்சுல வச்சுக்கிட்டு இருந்தாங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். தெரிந்தால் மற்றவர் மனம் உடைந்துவிடும் என்று அப்பனும் மகளும் ஒரே விஷயத்தை ஆளுக்கொரு பக்கம் ஒளித்து வைத்திருந்திருக்கிறார்கள். இப்போது அவளுடைய பதிலை வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டதுதான் என்னைக் கலங்கடித்தது. "தலையைத் தைச்சுக் குடுங்க மாமா. வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

"அவசரம் என்னம்மா? பிறக்கட்டும். நானே கொண்டாந்து தைச்சுத் தர்றேன்" என்றேன். எனக்கு உண்மையிலேயே பயம். அத்தனை நாள் அவரைக் கிறுக்கு என்று திட்டிய வாய்தான் அது.

"பிறந்த பிறகு தைச்சா, அப்பா அன்னைக்குப் பண்ணது தப்புன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்" என்றாள்.

மஞ்சள் நூலை ஊசியில் கோத்தேன். பிஸ்மில்லாஹ் சொல்லி முதல் தையல் போட்டேன். பட்டன் தைத்துப் பழகிய கை, கோணல்மாணலாகத்தான் வந்தது. அவள் ஒவ்வொரு தையலையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் வாங்கி மடித்து, பைக்குள் வைக்காமல் எல்லோரும் பார்க்கும்படி கையிலேயே பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். அவருடைய ஊசிகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பந்தல் ஓரத்தில் பேசியவர்களே, பெற்ற மகளே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். இனி அவரைப் பற்றி அந்தப் பேச்சு வேண்டாம்.

வைரக்கண்ணு அண்ணனுடையது என்று என்னிடம் பொருளாக எதுவும் மிஞ்சவில்லை. மிஞ்சியிருப்பது அவருடைய பயம். இத்தனை காலம் அதை அவர் தனியாக வைத்திருந்தார். கோணல் தையலைப் போட்ட அன்று அது என் கைக்கு வந்துவிட்டது. மீனாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. திருத்துறைப்பூண்டியிலிருந்து போன் வந்தால், எடுக்கும் முன் என் கை கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் எடுக்கிறது.