அப்பா நீட்டிய கை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. நம் குடும்பத்தில் படித்த பெண் நீ ஒருத்திதான், கட்டுரையை நீதான் எழுத வேண்டும் என்று சித்தப்பா சொன்னார். நல்லதை மட்டும் எழுது, மற்றதெல்லாம் எதற்கு என்றும் சொன்னார். அப்பாவிடம் நல்லது நிறைய இருந்தது. அந்த நல்ல மனசுதான் அவரைக் கொண்டுபோனது. அதனால் மற்றதையும் சேர்த்துத்தான் எழுத முடிகிறது. சித்தப்பா கோபித்துக்கொள்ளக் கூடாது.

அப்பா பிறந்தது எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டுப் படகேறியவர். ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பலும் எண்ணெயும் கலந்து, வலையில் மீனைவிடக் கறுப்புச் சேறு அதிகமாக வர ஆரம்பித்ததும், அம்மாவை அழைத்துக்கொண்டு திருவொற்றியூருக்கு வந்துவிட்டார். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றி இறக்கும் வேலை கிடைத்தது. கடல்காரனுக்கு இரும்பு தூக்க வருமா என்று குப்பத்தில் கேலி பேசியவர்களிடம், "ஈர வலைய இழுத்த கைடா இது, வந்து தொட்டுப் பாரு" என்று புஜத்தைத் தட்டிக் காட்டுவாராம். காய்ச்சல் வந்தால் மிளகு ரசம், உடம்பு வலித்தால் தூக்கம். ஆஸ்பத்திரி என்பது அவரைப் பொறுத்தவரை பிரசவத்துக்கும் சாவுக்கும் போகிற இடம்.

அப்படிப்பட்டவருக்கு மகள் நர்சிங் படிக்க வேண்டும் என்ற ஆசை எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இடம் கிடைத்த அன்று மார்க்கெட் முழுக்க மிட்டாய் கொடுத்திருக்கிறார். கல்லூரி ஊருக்கு வெளியே என்பதால் விடுதியில் தங்கினேன், சனிக்கிழமை மதியம் வீட்டுக்கு வருவேன்.

நான் விடுதிக்குப் போகும் முன்பு தேவையானதையெல்லாம் வாங்க அப்பாவே என்னோடு கிளம்பினார். வெள்ளை ஷூ, நொடிமுள் ஓடுகிற கைக்கடிகாரம், தெர்மாமீட்டர், சின்ன டார்ச், கத்தரிக்கோல், ஸ்டெதாஸ்கோப், பி.பி. பார்க்கும் கருவி. கடையில் ஸ்டெதாஸ்கோப்பைத் தன் காதில் மாட்டிக்கொண்டு தன் நெஞ்சிலேயே வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"சோக்கா ஓடிகினு கீது பாப்பா. டீசல் படகு கணக்கா."

கடைக்காரர் சிரித்துவிட்டு, பட்டனைத் தட்டினால் தானாகவே எண் காட்டுகிற பி.பி. மெஷினை எடுத்து வைத்தார். இது வேண்டாம், கல்லூரியில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றேன். துணிப்பட்டையைக் கையில் சுற்றி, காற்றை ஏற்றி, மெல்ல இறக்கி, துடிப்பு எங்கே கேட்க ஆரம்பிக்கிறது, எங்கே அடங்குகிறது என்று எங்கள் காதாலேயே கேட்டுச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. "மிசினு சொல்றத எவன் வேணா சொல்வான். எம்பொண்ணு காதுல கேட்டு சொல்லட்டும்" என்றார்.

படிப்புக்கு உதவுகிற பொருட்கள் என்று கல்லூரியில் எழுதிக் கொடுத்தவற்றில் அப்பா இல்லை. ஆனால் அவர்தான் எனக்குக் கிடைத்த பெரிய உபகரணம். சனிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் குளித்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, "இன்னிக்கு இன்னா பாடம்?" என்பார். தலையில் பேண்டேஜ் கட்டிப் பழகிய அன்று, அந்தக் கட்டைக் கழற்றாமல் டீக்கடைக்குப் போய்விட்டார். தெருவே பதறிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தது. "எம்பொண்ணு கட்டுனதுபா, எப்டி கீது?" என்று அவர் பாட்டுக்கு டீ குடித்துக்கொண்டிருந்தாராம். சலைன் பாட்டில் மாட்டுகிற ஸ்டாண்டு ஒன்றை மார்க்கெட்டில் வெல்டிங் வைத்துத் தோளில் சுமந்து வந்தார். கப்பல் நங்கூரம் போல் கனம். எங்கள் வீட்டு ஓட்டில் இடித்ததால் தலையை அறுத்துக் குட்டையாக்கினோம். அப்பாவின் காரியத்தன்று வந்த மாலைகளை அதில்தான் தொங்கவிட்டார்கள்.

இனி எழுதப்போவதைத்தான் சித்தப்பா வேண்டாம் என்றது.

முதல் ஆண்டில் பி.பி. பார்க்கக் கற்றுக் கொடுத்த வாரம், வீட்டில் ஒருவருக்கு எடுத்து ரெக்கார்டு நோட்டில் குறித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். அப்பா வலது கையை நீட்டினார். நூற்றிருபது வாக்கில் கேட்க வேண்டிய துடிப்பு நூற்றெண்பதைத் தாண்டியே கேட்க ஆரம்பித்துவிட்டது. மறுபடி எடுத்தேன், மறுபடியும் அப்படியே. கொஞ்ச நேரம் விட்டு மூன்றாவது முறையும் அதேதான்.

திங்கட்கிழமை எங்கள் மேடம் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு வகுப்பு முன்னால் என்னை நிற்க வைத்தார்.

"உங்கப்பாவுக்குத் தலைவலி இருக்கா, மயக்கம் வருதா?"

"இல்லை மேடம்."

"இரும்பு தூக்குற மனுஷன், ஒரு தொந்தரவும் இல்லைங்கிற. இந்த எண் எப்படிம்மா வரும்? பட்டையைத் தப்பாக் கட்டியிருப்ப, இல்லன்னா காது சரியில்ல. அடுத்த வாரம் ஒழுங்கா எடுத்துட்டு வா. அப்பதான் கையெழுத்து."

மேடத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. புதிதாகப் படிக்கிறவர்கள் தப்பாகத்தான் எடுப்பார்கள். நானும் தப்பு என்னுடையது என்றே நம்பினேன். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போன் செய்து ஓவென்று அழுதேன். "எனக்குக் காதே சரியில்லப்பா. நான்லாம் நர்ஸ் ஆக மாட்டேன்" என்றேன். அப்பா என்னை அழுது முடிக்க விட்டார். பிறகு, "நம்பரு கம்மியா வந்தா மேடம் ஒத்துக்குவாங்களா?" என்று கேட்டார். ஆமாம்ப்பா என்றேன். "சரி, நீ அழுவாத. வூட்டுக்கு வா. வாரம் பூரா கீது" என்றார்.

அடுத்த சனிக்கிழமை எடுத்தபோது எண் சரியாக இருந்தது. நோட்டில் பழைய எண்ணை அடித்துவிட்டு இதை எழுதினேன், மேடம் கையெழுத்துப் போட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. போன வாரம் நான்தான் சொதப்பியிருக்கிறேன், இப்போது காது பழகிவிட்டது என்று பூரித்துப்போனேன். அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் அப்பாவுக்குப் பி.பி. பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு வாரமும் நல்ல எண்தான். பட்டையைக் கழற்றும்போதெல்லாம், "மேடம் ரைட்டு போட்டுருவாங்கல்ல?" என்பார். கையெழுத்துக்கு வேலையே இல்லாத மூன்றாம் ஆண்டிலும் அதே கேள்விதான். "இது உன் உடம்புப்பா, பரீட்சை இல்ல" என்று நான் சிரித்திருக்கிறேன். அவரும் சிரித்தார்.

இறுதி ஆண்டில் ஒரு புதன்கிழமை, மார்க்கெட்டில் கம்பிக் கட்டு இறக்கிக்கொண்டிருந்தபோது அப்பாவுக்கு வாய் கோணியது. வெயில் தாக்கிவிட்டது என்று நினைத்து நிழலில் படுக்க வைத்து மோர் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் அன்பில் செய்ததுதான். அது இறங்காமல் வாயோரம் வழிந்ததும்தான் பயந்துபோய் லோடு ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள். கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கிற நம் சாலையில் ஒரு நோயாளியைக் கொண்டுபோவது எப்படியிருக்கும் என்று இங்கே யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அப்பாவுக்கு நினைவில்லை. மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருந்தது. சனிக்கிழமைதோறும் எனக்கு நீட்டிய வலது கை பக்கத்தில் துவண்டு கிடந்தது.

"எத்தனை வருஷமா பி.பி. இருக்கு? என்ன மாத்திரை சாப்பிடுறாரு?" என்று டாக்டர் கேட்டார்.

"பி.பி.யே இல்ல டாக்டர். நான் நர்சிங் ஸ்டூடன்ட். வாரா வாரம் நானே பார்க்கிறேன். எப்பவும் நார்மல்தான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இதயத்துச் சுவர் தடிச்சிருக்கும்மா. பல வருஷம் பி.பி. இருந்தாத்தான் அப்படி ஆகும். நீ சரியாத்தான் பார்த்தியா?"

அதற்குப் பிறகு அப்பா இருந்த நாட்களில் படித்ததையெல்லாம் அவருக்குச் செய்தேன். வாய் துடைத்தேன், திருப்பிப் படுக்க வைத்தேன், படுக்கைப்புண் வராமல் முதுகைப் பார்த்துக்கொண்டேன். உன் கை சுத்தமான கை என்று வார்டு சிஸ்டர் சொன்னார். என் காதில் அது ஏறவில்லை. இந்தக் காதால்தான் அப்பாவைக் கொன்றேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா கண் திறக்கவே இல்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசி நேரத்தில் கையைப் பிடித்து அழுத்தினார் என்றெல்லாம் எழுதலாம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

காரியம் முடிந்த அன்று பக்கத்து வீட்டுத் துளசி மாமா உள்ளே வந்து என் முன்னால் தரையில் உட்கார்ந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வருஷக்கணக்காகப் பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர். அப்பாவும் அவரும் தோஸ்துகள்.

"பாப்பா, உன்னாண்ட ஒண்ணு சொல்லணும். சொல்லாத இருந்தா எனக்கு சோறு எறங்கல" என்றார். "உங்கப்பன் வெள்ளிக்கெயம ராவுக்கு ஒண்ணு, சனிக்கெயம காலீல ஒண்ணு, என்னாண்ட மாத்திர வாங்கினு பூடுவாரு. நம்பரு ஜாஸ்தியா வந்தா புள்ளைக்கு மேடம் மார்க்கு போட மாட்டாங்க மாமு, அய்துகினே படுத்துக்குது, வாய தொறந்துடாதன்னாரு. நானும் புள்ள படிக்கட்டுமேன்னு குட்த்துட்டேன்."

"மத்த நாளு?" என்று கேட்டேன்.

"மத்த நாளு இன்னாத்துக்குன்னாரு. சனிக்கெயமதான பரீட்சைன்னு சிரிப்பாரு."

அம்மா அடுப்படியிலிருந்து வந்து வாசலில் நின்றார். அவருக்கும் அதுவரை தெரியாது. துளசி மாமா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அப்பாவின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் கோபம் வந்தது. இன்னும் வருகிறது. ஒரு கையெழுத்துக்காகவா அப்பா? அந்தக் கையெழுத்து யாருக்கு வேண்டும்? தினமும் அந்த மாத்திரையைப் போட்டிருந்தால்கூட நீ இருந்திருப்பாயே.

நான் இப்போது நர்ஸ். படிப்பு முடிந்துவிட்டது, வேலையும் கிடைத்துவிட்டது. அப்பாவின் கனவு நிறைவேறிவிட்டது என்று துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் சொல்கிறார்கள். வார்டில் ஒவ்வொருவர் கையிலும் பட்டையைச் சுற்றுகிறேன். எண் அதிகமாக வந்தால் கை வேலையைப் பார்க்கிறது. நல்ல எண் வந்தால்தான் பட்டையைக் கழற்றாமல் மறுபடி எடுக்கிறேன். முன்பு அப்பா சாக்பீஸ் தேய்த்துப் பளிச்சென்று வைத்திருந்த வெள்ளை ஷூ இப்போது பழுப்பேறிக் கிடக்கிறது. போன மாதம் அம்மாவிடம் கையை நீட்டச் சொன்னேன். "எனக்கு வாணாம்டி. நீ பாத்த வரிக்கும் போதும்" என்று முந்தானையைப் போர்த்திக்கொண்டு போய்விட்டார்.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அப்பாவை லோடு ஆட்டோவில் மடியில் கிடத்திக் கொண்டுபோன மார்க்கெட் தோழர்களுக்கும், ஆட்டோ ஓட்டிய தம்பிக்கும் நன்றி. வார்டில் எனக்கும் ஒரு வாய் சோறு கொடுத்த சிஸ்டருக்கும், எல்லாச் செலவையும் தலையில் போட்டுக்கொண்டு நின்ற சித்தப்பாவுக்கும் நன்றி. துளசி மாமாவின் பெயர் வேண்டாம் என்று அம்மா சொன்னார். நண்பன் கேட்டான், அவர் கொடுத்தார். நம் தெருவில் யார் இல்லையென்று சொல்லியிருப்பார்கள்? மனது ஒப்பவில்லை என்றாலும், அவருக்கும் நன்றி.

கடைசியாக, எனக்குப் பாடம் படித்துக்கொள்ளக் கிடைத்த அப்பாவின் வலது கைக்கு நன்றி. அந்தக் கை என்னிடம் உண்மையைச் சொன்னது முதல் நாள் மட்டும்தான். அதைத்தான் நான் தப்பு என்று அடித்து எழுதினேன்.