தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் விசுவாசப் பிரமாணம்

மறைக்கல்வியில் நான்தான் முதல் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருந்ததில்லை. அந்த வகுப்பில் நான் சேர்க்கப்படவே இல்லை என்பது அந்த வயதில் ஒரு குறையாகத் தோன்றவில்லை.

எங்கள் மாவட்டம் இரண்டாகப் பிரிந்து, திரும்ப ஒன்றாகச் சேர்ந்த காலம் அது. முகவரியில் பெரம்பலூர் என்று எழுதுவதா, அரியலூர் என்று எழுதுவதா என்பது தபால்காரருக்கே தெரியாது. தா.பழூர்ப் பக்கத்து நெல் விவசாயக் குடும்பத்திலிருந்து பஸ் ஏறி, கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளிக்கு ஒன்பதாவது படிக்கப் போய்க்கொண்டிருந்தேன். வாரத்தில் இரண்டு நாள், கடைசிப் பீரியடில் கத்தோலிக்கப் பிள்ளைகள் வகுப்புக்குள் இருப்பார்கள், அவர்களுக்கு மறைக்கல்வி. மற்றவர்கள் வெளியே வராந்தாவில் உட்காருவோம், எங்களுக்கு நன்னெறி. நன்னெறி எடுக்க வேண்டிய டீச்சருக்கு எப்போதும் திருத்த வேண்டிய பேப்பர் இருந்தது. “சத்தம் போடாம இருக்கறதுதான் இன்னிக்கு நன்னெறி” என்று சொல்லிவிட்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போய்விடுவார். நாங்கள் சத்தம் போடவில்லை. அதனால் உள்ளே நடப்பதெல்லாம் ஜன்னல் வழியாகத் தெளிவாகக் கேட்டது.

ஒருநாள் சிஸ்டர் உள்ளே ஒரு கேள்வி கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியிலிருந்து நான் பதில் சொன்னேன். சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. உள்ளே இருந்தவர்களைத் திட்டினார். “வராந்தாவுல இருக்கறவளுக்குத் தெரியுது, ஞானஸ்நானம் வாங்குன உங்களுக்குத் தெரியலியா?” அன்றைக்கு பஸ்ஸில் நான் உட்கார்ந்திருந்த விதமே வேறு. பக்கத்தில் இருந்த பெண் நகர்ந்து உட்காரச் சொன்னாள்.

உள்ளே திட்டு வாங்கியவர்களில் என் பெஞ்சுக்காரியும் ஒருத்தி. பரம்பரைக் கத்தோலிக்கக் குடும்பம். கணக்கில் என்னைவிடக் கெட்டி. ஆனால் எதையும் மனப்பாடம் செய்ய வராது. அந்த வருஷம் ஆயர், அதாவது பிஷப், வந்து எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் கொடுப்பதாக இருந்தது. நெற்றியில் தைலம் பூசி, ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் சடங்கு. அதற்கு முன் ஊர் மாதா கோயிலின் பங்குச் சாமியார் ஒவ்வொருவரையும் தனியாக நிற்க வைத்து விசுவாசப் பிரமாணம் சொல்லச் சொல்வார். தாங்கள் எதையெல்லாம் நம்புகிறோம் என்று கத்தோலிக்கர்கள் வரிசையாகச் சொல்லும் செபம். என் பெஞ்சுக்காரி முதல் தடவை அதில் பாதியில் நின்றுவிட்டாள். எட்டாவது படித்த அவள் தங்கை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டாள்.

“அம்மா ரெண்டு பேருக்கும் ஒரே துணியில வெள்ளை கவுனு தைச்சு வச்சிருக்கு” என்றாள் அவள், சாப்பாட்டு மணிக்கு டப்பாவைத் திறக்காமல். “அடுத்த வாரமும் சொல்லலன்னா அவ மட்டும் போட்டுக்கிட்டுப் போவா. நான் பின்னாடி நின்னு பாக்கணும். இப்பவே வூட்டுல என்னைப் பேரு சொல்லிக் கூப்புட ஆரம்பிச்சுட்டா. அக்காங்கறதே போச்சு.”

“நான் சொல்லித் தரேன்” என்றேன்.

“நீயா? உனக்கு ஞானஸ்நானமே கெடையாதுடி.”

“உனக்கு இருக்குல்ல. என்ன கிழிச்ச?”

அவள் டப்பாவைத் திறந்தாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து மைதானத்தின் மூலையில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் எங்கள் மறைக்கல்வி நடந்தது. முதல் இரண்டு நாள் தேறவில்லை. ரோமானிய ஆளுநரின் பெயர் வரும் வரி வரைக்கும் ஓடி வருவாள்; அங்கே நின்றுவிடுவாள். நான் சிஸ்டரைப் போலக் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தேன். என்னிடம் கண்ணாடி கிடையாது; பாவனை மட்டும்தான். அதுவும் பலிக்கவில்லை. கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே வழியைக் கையில் எடுத்தேன்.

எங்கள் வீட்டில் எதையும் தோப்புக்கரணம் போட்டுத்தான் படிப்போம். பரீட்சைக்கு முன் பஸ் ஸ்டாப் பிள்ளையார் முன்னால் காதைப் பிடித்து உட்கார்ந்து எழுவதில் தொடங்கிய பழக்கம். அப்படியே செய்யுள், வாய்ப்பாடு, வேதியியல் குறியீடு எல்லாவற்றுக்கும் பரவிவிட்டது. ஒரு வரிக்கு ஒரு தடவை. உட்காரும்போது முன்பாதி, எழும்போது பின்பாதி.

“அது எங்களுக்குப் பனிஷ்மென்ட்டுடி” என்றாள் அவள். அதுவும் உண்மைதான். வீட்டுப்பாடம் செய்யாதவர்களுக்குப் பள்ளியில் கொடுத்த தண்டனை அது. எங்களுக்கு அதுவே கும்பிடு. அதைப் பற்றி விவாதிக்க நேரம் இல்லை.

“காதைப் புடி” என்றேன். வலது கையால் இடது காதையும், இடது கையால் வலது காதையும் பிடிக்க வைத்தேன். “இடது கை உள்ள, வலது கை வெளிய.” விசுவாசப் பிரமாணத்தின் முதல் வரியோடு உட்கார்ந்தாள்.

ஆளுநர் வரும் வரியில் அவள் நிற்கவில்லை. உட்காரும்போது அவர் பெயர் வந்தது, எழும்போது அவர் போய்விட்டார். அந்த வாரக் கடைசியில் அவள் முழுதாகச் சொன்னாள். தொடை வலி தாங்காமல் மாடிப்படியில் பக்கவாட்டில் இறங்கினாள். நான் கூடவே போட்டதால் எனக்கும் அதே நடை. அதைத் தியாகம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

பங்குச் சாமியார் வந்த நாளன்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளையும் எங்கள் வகுப்பிலேயே உட்கார வைத்திருந்தார்கள். நான் வராந்தாவில், என் வழக்கமான ஜன்னலடியில் இருந்தேன். அவள் கைகூப்பி நின்று நன்றாக ஆரம்பித்தாள். ஆளுநர் வந்தார். அவள் நின்றாள். மேஜைக்குப் பின்னால் சாமியார் காத்திருந்தார். சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் ஜன்னல் பக்கம் என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் குறுக்கே கொண்டுபோய்க் காதைப் பிடித்து, உட்கார்ந்தாள்.

சாமியார் பதறி எழுந்துவிட்டார். “என்னம்மா இது? யாரு ஒன்னை இப்ப தண்டிச்சா? எந்திரி, எந்திரி. மறந்துட்டா பரவால்ல.”

அவள் எழுந்தாள். கையை எடுத்தாள். மறந்துபோனாள். மறுபடி காதைப் பிடித்தாள்.

“வேண்டாம்மா, இவ்ளோ மனஸ்தாபம் தேவையில்ல” என்றார் சாமியார், அவள் செய்த பாவத்துக்கு வருந்துகிறாள் என்று நினைத்து. இதற்குள் அவள் ஆளுநரைக் கடந்துவிட்டாள். உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, கடைசி வரி வரை போய், ‘ஆமென்’ என்று நிமிர்ந்து நின்றாள். மூச்சு வாங்கியது. ஒரு சொல் விடவில்லை.

சிஸ்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஜன்னலைப் பார்த்தார். “உள்ள வா” என்றார்.

அந்த வகுப்புக்குள் மறைக்கல்வி நேரத்தில் நான் நுழைந்தது அதுதான் முதல் தடவை. “சொல்லிக் குடுத்தது இவதான் பாதர். இந்துப் பொண்ணு. வெளியில ஒக்காந்தே எல்லாம் படிச்சுட்டா” என்றார் சிஸ்டர். அதில் புகார் எவ்வளவு, பெருமை எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. பெருமை என்றே எடுத்துக்கொண்டேன்.

“அப்படியா? எங்க, நீ சொல்லு பாப்போம்” என்றார் சாமியார். “காதைப் புடிக்கக் கூடாது. நேரா நின்னு.”

இந்தத் தருணத்துக்காகத்தான் இத்தனை நாள் வராந்தாவில் காத்திருந்தேன் என்று தோன்றியது. தொண்டையைச் செருமிக்கொண்டேன். சிஸ்டரின் குரலில், சிஸ்டர் நிறுத்தும் இடங்களிலெல்லாம் நிறுத்திச் சொன்னேன். ஆளுநர் வரும் வரி வந்தது. ஆளுநர் வரவில்லை. முழங்கால் இரண்டும் மடங்கி உட்காரப் பார்த்தன. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. என் பெஞ்சுக்காரியின் தங்கை, முதல் பெஞ்சில் உட்கார்ந்து, அந்தப் பெயரை எனக்குச் சன்னமாக எடுத்துக்கொடுத்தாள். எட்டாம் வகுப்புப் பிள்ளை.

“போதும்மா” என்றார் சாமியார். மீசைக்குள் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு என் பெஞ்சுக்காரியிடம் திரும்பினார். “ஒனக்குத் தெரியுது. கால் வழியாத் தெரியுது, அவ்ளோதான். பேரைச் சேத்துக்கங்க சிஸ்டர். ஆனா, பிஷப் வர்ற அன்னிக்குக் கோயில்ல எல்லாரும் சேந்து சொல்லுவாங்க. அங்க காதைப் புடிக்கக் கூடாது. புரியுதா?”

“சரிங்க பாதர்.”

வெளியே வந்ததும் அவள் சொன்னது நன்றி அல்ல. “நீயும் அதே எடத்துலதான் நிக்கறியா? இத்தனை நாள் சொல்லவே இல்ல?”

“எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்” என்றேன்.

ஆயர் வந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மாவிடம் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லாமல் உண்மையையே சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனேன். கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. முன்னால் வெள்ளைக் கவுன்களின் வரிசை. எல்லாம் ஒன்றுபோல் இருந்தாலும், ஒரே துணியில் தைத்த இரண்டையும் என்னால் கண்டுபிடிக்க முடிந்தது. பெரியது முன்னால், சின்னது பின்னால். தங்கை அக்காவின் முதுகுப் பக்கத்து நாடாவைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

எல்லாரும் எழுந்து விசுவாசப் பிரமாணம் சொன்னார்கள். அவள் கைகள் கூப்பியபடியே இருந்தன. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஆனால் ஆளுநர் வரும் வரியில் பெரிய கவுனின் விளிம்பு மட்டும் மெல்லத் தாழ்ந்து தரையைத் தொட்டு, அடுத்த வரிக்கு எழுந்தது. ஆயர் கண்ணில் அது பட்டதா என்று தெரியாது. தங்கை பார்த்தாள், சிரிக்கவில்லை.

என் பக்கத்தில் நின்ற யாரோ ஓர் அம்மாள், நான் நிமிரும்போது என் தோளைத் தொட்டாள்.

“கால் வலிச்சா ஒக்காந்துக்கம்மா” என்றாள்.