கொண்டையில் ஒரு துண்டுப் பூ

அமாவாசைக் காலை. திருவண்ணாமலை ஐயங்குளத்தில் ஈரவேட்டியோடு ஆட்கள் திதி கொடுக்கிறார்கள். கரையில் பூ விற்கும் ராணி இலங்கை அகதி. விசாரித்துவிட்டு அனுப்புவோம் என்றதை நம்பி, போரின் கடைசி நாளில் கணவரை ராணுவத்திடம் இவளே ஒப்படைத்தாள். அவர் திரும்பவில்லை.

"கூட்டிக்கொண்டு போன அதிகாரியைப் படத்தில காட்டினனான் அண்ணை. வெளிநாட்டு வக்கீல்மார் எழுதிக்கொண்டு போனவை."

பூ வாங்க நின்ற எனக்குச் சட்டம் தெரியாது. "பிடிச்சாங்களா?" என்கிறேன்.

"அவன் இப்ப வேற நாட்டில தூதுவர். தூதுவரைச் சட்டம் தொட ஏலாதாம்."

பக்கத்தில் தேங்காய் விற்கும் அம்மா சலித்துக்கொள்கிறாள். "ஒரு தபா திதி குடுத்துட்டு நிம்மதியா இருடின்னா கேக்க மாட்டேன்றா."

"அவனைக் கூண்டில ஏத்தட்டும். பிறகு குடுக்கிறன்."

அது நடக்காது என்று மூவருக்கும் தெரியும். திதிக்கு வந்தவருக்குப் பூவை முழம் போட்டுக் கொடுத்துவிட்டு, மிஞ்சிய துண்டை ராணி தன் கொண்டையில் செருகிக்கொள்கிறாள்.